குருபக்தி எது? குரு மூடம் எது?

பஞ்ச நமஸ்கார மந்திரத்தை நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் ஆகிய ஐவரை அம்மந்திரம் வணங்குகிறது. ஆயினும் அதில் ஒருவருடைய பெயரும் இல்லை. ஆதி பகவான் ரிஷபதேவரின் பெயரும் இல்லை. வர்த்தமான மகாவீரரின் பெயரும் இல்லை. குணங்களுக்கும் அக்குணங்களால் எய்திய நிலைகளுக்குமே நம் முன்னோர் வணக்கத்தை அமைத்தனர். இச்சிறிய உண்மையைக் கையில் விளக்காகக் கொண்டு, இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் எழுந்துள்ள ஒரு வினாவை இப்பாடத்தில் ஆராய முற்படுகின்றோம்.

வினா இதுதான். ஆன்மிக ஆசிரியர் ஒருவர் தம் அன்பர்கள் மீது செலுத்தும் செல்வாக்கு அவர்தம் ஆன்ம நலத்திற்கு ஆக்கமா, கேடா? மகன் ஒருவரிடம் உபதேசம் கேட்கத் தொடங்கினான். இரவுணவை விட்டான், கோபம் குறைந்தது என்று பெற்றோர் மகிழ்கின்றனர். சில ஆண்டுகளில் அவனே, தன் ஆசிரியரை வணங்காதவர்கள் இல்லத்தில் நீரும் அருந்தமாட்டேன் என்கிறான், பெற்றோர் கலங்குகின்றனர். முன்னர் நிகழ்ந்ததும் குருவின் செல்வாக்கே. பின்னர் நிகழ்ந்ததும் குருவின் செல்வாக்கே. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதனால்தான் குழப்பம் நேர்கிறது.

இரு சாராரின் கருத்துகள்

குருவின் செல்வாக்கு வேண்டும் என்போர் கூறுவது எளிதில் தள்ளத் தக்கதன்று. நூல் வாய் திறந்து பேசாது. நாம் தவறாகப் பொருள் கொண்டால் தடுக்காது. நம் குற்றம் நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் மனம் அதற்கு நூறு நியாயம் கற்பிக்கும். தன் விருப்பத்தையே வழிகாட்டியாகக் கொள்பவன், குருவே வேண்டாம் என்று சொல்லித் தன் மனத்தையே குருபீடத்தில் அமர்த்திவிடுகிறான். அந்தக் குருவைக் காட்டிலும் தீங்கு செய்யும் குரு வேறில்லை. தமிழ்நாட்டில் திகம்பர முனிவர்களின் வருகை அரிதாயிருந்த நெடுங்காலத்தில், நம் ஊர்களில் ஸ்வாத்தியாயம் தளர்ந்ததையும் இவர்கள் சான்றாகக் காட்டுவர்.

எதிர்ச்சாரார் கூறுவதும் எண்ணத் தக்கதே. பக்தி மிகும்போது ஆராய்ச்சி குறைகிறது. ஆசிரியரின் சொல் ஆகமத்தோடு ஒத்துள்ளதா என்று பார்க்கும் பழக்கம் போய், ஆகமம் ஆசிரியரின் சொல்லோடு ஒத்துள்ளதா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அன்பர்கள் சூழச் சூழ ஆசிரியரும் புகழுக்கு அடிமையாகிறார். கேள்வி கேட்பவன் துரோகி எனப்படுகிறான். ஒரே சங்கம் பல குழுக்களாகப் பிரிகிறது.

இரு சாராரும் உண்மையின் ஒவ்வொரு பக்கத்தைக் கூறுகின்றனர். அநேகாந்தம் பயின்ற நாம் எந்த நோக்கில் எது உண்மை என்று பிரித்துக் காணுதல் வேண்டும். அதற்கு நம் நூல்களே அளவுகோலைத் தந்துள்ளன.

குருவின் இலக்கணமும் மூடத்தின் இலக்கணமும்

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார்க்காக எழுந்த நூல். அதன் கருத்தைத் தமிழில் குறள் வெண்பாக்களாகத் தருவது அருங்கலச்செப்பு. நற்காட்சியை விளக்கப் புகும் சமந்தபத்திரர், மெய்க்குரு யார் என்பதை முதலிலேயே வரையறுக்கின்றார். புலனின்ப வேட்கை அற்றவர், ஆரம்பமும் பரிக்கிரகமும் இல்லாதவர், ஞானம், தியானம், தவம் ஆகியவற்றில் ஈடுபட்டவர் என்பதே அவ்வரையறை. சொல்வன்மை, கூட்டம், அற்புதம், அருள்பார்வை என்பன இதில் இடம்பெறவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே நூல் மூன்று மூடங்களை விலக்கச் சொல்கிறது: உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம். பரிக்கிரகமும் ஆரம்பமும் இம்சையும் உடையவராய் இருந்தும் தவவேடம் பூண்டவரை, வேடம் கண்டே போற்றுவது பாசண்டி மூடம். இதையே நாம் இக்கட்டுரையில் குரு மூடம் என்கின்றோம். நற்காட்சிக்கு இது களங்கம். எனவே ஆராயாத பக்தியைப் பக்தியின் முதிர்ச்சி என்று கொள்வதற்கு இடமில்லை. நம் நூல் அதைக் குறைபாடு என்றே எண்ணுகிறது. மோகம் இல்லாத இல்லறத்தான், மோகமுடைய துறவியினும் மேலானவன் என்றும் அந்நூல் துணிந்து கூறுகிறது.

இதே ஆசாரியர் ஆப்தமீமாம்சை என்ற நூலில் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றார். அந்நூல் பகவானையே முன்னிலைப்படுத்திப் பேசுகிறது. தேவர்கள் வந்து பணிவதும், வானில் செல்வதும், சாமரை முதலிய சிறப்புகளும் மாயவித்தை செய்வோரிடத்தும் காணப்படுவன. ஆதலால் அவை காரணமாகத் தாங்கள் எமக்குப் பெரியவர் அல்லர் என்று தொடக்கத்திலேயே கூறுகின்றார். பின்னர், குற்றமற்ற தன்மையும் காரணத்தோடும் ஆகமத்தோடும் முரணாத வாக்கும் உடைமையால்தான் அருகன் ஆப்தன் ஆகின்றான் என்று நிறுவுகின்றார். தீர்த்தங்கரரையே உரைகல்லில் உரைத்துப் பார்த்து வணங்கிய மரபு நம்முடையது. அவ்வாறிருக்க, நம் காலத்து ஆசிரியர் ஒருவரை உரைத்துப் பார்ப்பது அவமதிப்பாகுமா?

இரேவதி அரசியின் உறுதி

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மயக்கமின்மைக்கு எடுத்துக்காட்டாக வருபவள் இரேவதி அரசி. அவள் கதை நம் இல்லத்துச் சிறுவர்க்கும் தெரிந்ததே. எனினும் இந்த வினாவை மனத்திற்கொண்டு மீண்டும் கேட்போம்.

தென்மதுரையில் இருந்த குப்தாசாரியரிடம் விரதம் ஏற்ற க்ஷுல்லகர் ஒருவர் வடமதுரைக்குப் புறப்பட்டார். ஆசாரியர் அங்குள்ள சுவிரத முனிவருக்கு வணக்கமும், இரேவதி அரசிக்கு ஆசியும் சொல்லி அனுப்பினார். அங்கே பதினோரு அங்கங்களையும் கற்ற பவ்யசேனர் என்ற ஆசாரியரும் இருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் இல்லை. காரணம் அறிய விரும்பிய க்ஷுல்லகர் தம் வித்தையால் சோதனை செய்தார். பவ்யசேனர் செல்லும் வழியில் பசும்புல்லைத் தோற்றுவித்தார். புல்லில் உயிர் உண்டு என்று ஆகமம் ஓதிய அவர், அதை மிதித்துக்கொண்டே நடந்து போனார். கல்வி நாவில் இருந்தது, நடையில் இல்லை.

பின்னர் க்ஷுல்லகர் பிரமன், திருமால், சிவன் ஆகியோரின் வடிவங்களை ஒவ்வொரு திசையிலும் காட்டினார். ஊரே திரண்டு சென்றது; இரேவதி செல்லவில்லை. இறுதியில் சமவசரணத்தையே அமைத்து, நடுவில் தீர்த்தங்கரராக அமர்ந்தார். பவ்யசேனரும் சென்றார். அரசியைப் பலரும் அழைத்தனர். தீர்த்தங்கரர் இருபத்து நால்வரே என ஆகமம் கூறுகிறது. அந்த இருபத்து நால்வரும் முன்னரே தோன்றி வீடுபேறு எய்திவிட்டனர். இருபத்தைந்தாமவர் எங்ஙனம் வருவார் என்று கூறி அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

கதை இத்துடன் முடியவில்லை என்பதே முக்கியம். அதே க்ஷுல்லகர் நோயுற்றவராக அரண்மனை வாயிலில் வந்து விழுந்தபோது, இரேவதி ஓடிவந்து உள்ளே அழைத்துச் சென்றாள், உணவளித்தாள், அவர் உண்டதைக் கக்கியபோதும் அருவருக்காமல் தூய்மை செய்து பணிவிடை புரிந்தாள். ஆராய்ச்சி அவள் உள்ளத்தை வறட்சியாக்கவில்லை. பக்தி அவள் அறிவை மழுங்கச் செய்யவும் இல்லை. கூட்டம் சென்ற இடத்திற்குச் செல்லாத அவளே, விரதியின் துன்பத்திற்கு முதலில் சென்றாள். குருபக்திக்கும் குரு மூடத்திற்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு இங்கே தெளிவாகத் தெரிகிறது.

நீரும் மீனும்

குருவின் செல்வாக்கு எந்த அளவு செல்லலாம் என்பதற்குத் தத்துவ நோக்கிலும் விடை உண்டு. பூஜ்யபாத ஆசாரியர் இஷ்டோபதேசம் என்னும் சிறு நூலில், உண்மை நோக்கில் ஆன்மாவுக்கு ஆன்மாவே குரு என்கின்றார். பிறர் எல்லோரும் இயக்கத்திற்குத் தர்மாஸ்திகாயம் போல நிமித்தமாக அமைபவரே என்றும் விளக்குகின்றார். தர்ம திரவியத்திற்கு நாம் கூறிவரும் உவமை நீர். மீன் நீந்துவதற்கு நீர் துணை. நீரின்றி மீன் நீந்தாது. ஆனால் நீர் மீனைத் தள்ளுவதில்லை, இழுப்பதில்லை, நிற்க விரும்பும் மீனை நிற்கவும் விடுகிறது.

உபாதானம் மாணவனுடைய ஆன்மா, நிமித்தம் ஆசிரியர். நிமித்தம் இன்றியமையாதது என்று வழக்க நோக்கில் நன்றி பாராட்டுகின்றோம். நிமித்தமே எல்லாம் செய்தது என்றால் முயற்சி பொய்யாகிவிடும். ஆசிரியர் நீராக இருக்கும்வரை அவர் செல்வாக்கு நலமே. வலையாக மாறும்போது அது கேடு. மீனுக்கு நீரும் வலையும் ஒரே ஆற்றில்தான் வந்து சேர்கின்றன. நீரிலிருந்து வலையைப் பிரித்தறியும் பொறுப்பு மீனுடையதே.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று. 1890-இல் சௌராஷ்டிரத்தில் பிறந்த கானஜி சுவாமி ஸ்தானகவாசித் துறவியாக இருந்தவர். குந்தகுந்தரின் சமயசாரத்தைப் பயின்று மனம் மாறி, அத்துறவு வேடத்தைக் களைந்து, ஸோன்கட்டில் தம்மைத் திகம்பர சிராவகராக அறிவித்தார். பல்லாயிரவரைச் சமயசாரத்தின் பக்கம் திருப்பிய அவருடைய போதனையில், நிமித்தம் பிறிதொன்றின் செயலைச் செய்யாது என்பது உயிர்க் கருத்து. இக்கருத்து பற்றித் திகம்பர அறிஞர்களிடையே கடும் வேறுபாடு எழுந்தபோது, 1963-இல் ஜெய்ப்பூரை அடுத்த கானியாவில் இரு தரப்பாரும் கூடி, வினாவையும் விடையையும் எழுத்திலேயே பரிமாறிக்கொண்டு வாதிட்டனர். கருத்து வேறுபாட்டைச் சங்கம் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. ஆனால் 1980-இல் அவர் மறைந்தபின், அவரை வருங்காலத் தீர்த்தங்கரராகக் கொண்டு பிம்பம் நிறுவ அன்பர்களில் ஒரு சாரார் முற்பட்டனர். அவர் வழியினரே இதனால் பிளவுபட்டனர். குரு நிமித்தமே என்று கற்பித்தவரைச் சுற்றியே இவ்வாறு நிகழ்ந்தது என்றால், மனித மனத்தின் பற்று எத்துணை நுண்ணியது என்பதை உணரலாம். ஆசிரியரின் போதனை சரியாக இருப்பது மட்டும் போதாது; கேட்பவரின் விழிப்பும் வேண்டும்.

கௌதமரின் பற்று

குரு மிகச் சிறந்தவராகவே இருந்தாலும் பற்று தடையாகுமா? ஆகும் என்பதற்குக் கௌதம கணதரரே சான்று. இந்திரபூதி கௌதமர் பகவான் மகாவீரரிடம் பணிய வந்தவர் அல்லர். தம் புலமைச் செருக்கோடு வந்தவர். மானஸ்தம்பத்தைக் கண்ட அளவில் செருக்கு நீங்கிற்று. கணதரர் ஒருவர் வாய்க்காமையால், கேவலஞானம் பெற்ற பின்னும் அறுபத்தாறு நாள் பகவானின் திவ்யத்வனி எழவில்லை என்பது நம் மரபு. கேட்டு, ஆய்ந்து, ஐயம் தீர்த்து ஏற்க வல்ல மாணவன் இல்லாவிடத்து உபதேசமும் பிறப்பதில்லை என்பது இதன் உட்பொருளாகும். நம் ஸ்ரீபுராணம் முதலிய நூல்களும் சிரேணிக மன்னன் வினவ, கௌதமர் விடையளித்ததாகவே நடக்கின்றன. வினா நம் சமயத்தின் வாயில்.

சுவேதாம்பர மரபு கௌதமரைப் பற்றி மேலும் ஒரு செய்தி கூறுகிறது. அவருக்குப் பின் துறவு பூண்டோர் பலர் கேவலஞானம் எய்தினர். அவருக்கு மட்டும் அது கைகூடவில்லை. பகவானிடம் அவர் கொண்ட அன்புப் பற்றே தடை. பகவான் வீடுபேறடைந்த இரவில் கௌதமர் அருகில் இல்லை. வேறோர் இடத்தில் ஒருவருக்கு அறம் உரைக்க அனுப்பப்பட்டிருந்தார். செய்தி கேட்டு அழுதார். அழுகையினூடே, வீதராகரிடத்துத் தாம் வைத்தது ராகம் அன்றோ என்று உணர்ந்தார், பற்று அறுந்தது, கேவலஞானம் பிறந்தது. தீபாவளி விடியலில் நிர்வாண பூசை செய்யும் நாம், அன்றைய தினமே கௌதமர் கேவலியானார் என்பதை இரு மரபினரும் ஏற்பதையும் நினைவுகூர்தல் வேண்டும். தீர்த்தங்கரர்மீது வைத்த பற்றே தளை என்றால், மற்றவர்மீது வைக்கும் பற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ராஜசந்திரரும் காந்தியடிகளும்

நலம் பயக்கும் செல்வாக்கு எவ்வாறிருக்கும் என்பதற்கு அண்மைக் காலத்து எடுத்துக்காட்டும் உண்டு. ஸ்ரீமத் ராஜசந்திரர் (1867–1901) குஜராத்தில் பிறந்து, மும்பையில் மணி வணிகம் செய்த இல்லறத்தார். இளமையில் நூறு செயல்களை ஒருங்கே கவனிக்கும் சதாவதானத்தை நிகழ்த்திப் பெரும்புகழ் பெற்றார். ஆயினும் அப்புகழ் ஆன்ம சாதனைக்கு இடையூறு என்று கண்டு அதை விட்டுவிட்டார். கூட்டத்தை ஈர்ப்பதைத் தானே துறப்பவர் நம்பத்தக்கவர்.

இங்கிலாந்திலிருந்து 1891-இல் திரும்பிய இளைஞர் காந்தி மும்பையில் அவரைச் சந்தித்தார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் பிற சமயத்து நண்பர்கள் தம் சமயத்திற்கு அழைத்தபோது, மனக்கலக்கமுற்ற காந்தி 1894-இல் இருபத்தேழு வினாக்களை எழுதி அனுப்பினார். ராஜசந்திரர் ஒவ்வொன்றுக்கும் விடை எழுதினார். பொறுமையும் ஆழ்ந்த படிப்பும் வேண்டும் என்று அறிவுறுத்தினார். காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில், தம்மை ஆழமாகப் பாதித்த மூவருள் நேரில் பழகியவராக அவரைக் குறிப்பிடுகின்றார். மற்ற இருவர் டால்ஸ்டாயும் ரஸ்கினும். ஆயினும், குரு என்னும் அரியணையில் அவரை அமர்த்த இயலவில்லை என்றும் அதே நூலில் வெளிப்படையாக எழுதுகின்றார். நன்றியும் உரிமையும் அங்கே ஒருங்கே நின்றன.

ராஜசந்திரர் குருவின் தேவையைக் குறைத்துப் பேசியவர் அல்லர். 1896-இல் இயற்றிய ஆத்மசித்தி என்னும் நூலில், நேரில் வாய்க்கும் மெய்க்குருவின் உதவி மிகப் பெரிது என்றும், தன்விருப்பப்படி நடப்பது தடை என்றும் வலியுறுத்துகின்றார். அதே நூலில், மாணவனின் பணிவைத் தன் நலத்திற்குப் பயன்படுத்தும் பொய்க்குரு மோகனீய கர்மத்தால் பிறவிக்கடலில் மூழ்குவான் என்றும் எச்சரிக்கின்றார். அந்நூலின் பெரும்பகுதி, மாணவன் ஐயங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்ப, குரு விடை கூறுவதாக அமைந்துள்ளது. ஐயத்திற்கு இடங்கொடுத்த பின்னரே அங்கே தெளிவு பிறக்கிறது.

குற்றத்தை மறைப்பது உபகூகனமா?

இனி, நாம் கூசாமல் பேசவேண்டிய பகுதிக்கு வருகின்றோம். ஆசிரியர் ஒருவர் தவறினார் என்று தெரியவரும்போது, வெளியே சொல்லாதீர்கள், அறத்திற்குப் பழி வரும், உபகூகனம் நம் கடமை என்று சிலர் வாயடைக்கின்றனர். இது அங்கத்தின் பொருளை மாற்றுவதாகும்.

உபகூகனத்திற்கு எடுத்துக்காட்டு ஜினேந்திரபக்தர் என்னும் வணிகர். விரதி வேடத்தில் வந்த கள்வன் ஒருவன் அவருடைய ஜினாலயத்து வைடூரியத்தைத் திருடிக்கொண்டு ஓட, காவலர் துரத்தினர். வேடத்தால் அறத்திற்குப் பழி வரக்கூடாது என்று, என் சொற்படியே இவர் இதைக் கொண்டுவந்தார் என வணிகர் கூறினார். இதுவரையே பலர் சொல்வர். பிறகு நடந்ததையும் சொல்லுதல் வேண்டும். வணிகர் மணியை மீட்டார். தனியே அழைத்துக் கண்டித்தார். அவனை அங்கிருந்து அனுப்பிவிட்டார். மறுநாளும் அவனை வணங்கவில்லை. மணியறையின் திறவுகோலை மீண்டும் ஒப்படைக்கவில்லை. இழப்பும் அவருடையதே; பிறருக்கு நேர்ந்த துன்பத்தை அவர் மறைக்கவில்லை.

விரதத்தில் நேர்ந்த சிறு தளர்ச்சியைத் தெருவில் பேசாமல், தனியே எடுத்துரைத்து நிலைநிறுத்துவது உபகூகனமும் ஸ்திதிகரணமும் ஆகும். ஒரு பெண்ணுக்கோ, குழந்தைக்கோ, ஏமாந்த குடும்பத்தின் பொருளுக்கோ இழைத்த தீங்கு இம்சை ஆகும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை கட்டும் என்று கற்ற நாம், அத்தகைய தீங்கை மறைக்கும் மௌனமும் உடன்பாடே என்று அறிதல் வேண்டும். நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடமையாக்கியுள்ளது.

நம் முன்னோர் மனித இயல்பை நம்பி இருந்துவிடவில்லை, விதிகளை வகுத்தனர். வட்டகேரர் அருளிய மூலாசாரத்தின்படி ஆரியாங்கனைகள் ஆசாரியரை ஐந்து முழத் தொலைவிலும், உபாத்தியாயரை ஆறு முழத் தொலைவிலும், சாதுவை ஏழு முழத் தொலைவிலும் நின்று வணங்குதல் வேண்டும். மகாவிரதிகளுக்கே தொலைவு அளந்து வைத்த மரபில், எங்கள் ஆசிரியருக்கு விதி வேண்டாம் என்று அன்பர் சொல்வது பொருந்துமா? விதி துறவியை ஐயுறுவதற்காக எழுந்ததன்று. இரு பாலரையும் காப்பதற்காக எழுந்தது.

முடிவுரை

குருவின் செல்வாக்கு நலமா, கேடா என்ற வினாவுக்கு இப்போது விடை கூறலாம். செல்வாக்கின் மிகுதியோ குறைவோ அளவுகோல் ஆகாது. கஷாயங்கள் குறைகின்றனவா, விரதம் உறுதிப்படுகிறதா, ஆகமம் படிக்கும் ஆர்வம் வளர்கிறதா, ஐயத்தை அஞ்சாமல் கேட்க முடிகிறதா, மற்ற சாதர்மிகளிடம் அன்பு பெருகுகிறதா, விலகிச் செல்ல விரும்புவோர் அமைதியாக விலக முடிகிறதா என்பனவே அளவுகோல்கள். இவற்றுக்கு ஆம் என்று விடை வருமாயின் அங்கே குருபக்தி உண்டு, அவ்வாசிரியரைப் போற்றுவோம். இல்லை என்று விடை வருமாயின், அவர் எத்துணைச் சொல்வல்லவராயினும், கைப்பேசியில் அவர் உரையை எத்தனை இலட்சம் பேர் கேட்பினும், இரேவதியைப் போல நாம் இருக்குமிடத்திலேயே இருப்போம்.

மேலே சொன்ன மகனிடம் பெற்றோர் சினந்து பேசிப் பயனில்லை. ஆசிரியரைப் பழித்தால் அவன் இன்னும் இறுகப் பற்றுவான். அவனோடு அமர்ந்து அருங்கலச்செப்பையோ இரத்தின கரண்டகத்தையோ நாள்தோறும் சிறிது படிப்பதே வழி. அளவுகோல் அவன் கையில் வந்துவிட்டால், அளப்பதை அவனே செய்துகொள்வான்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பஞ்ச நமஸ்காரத்தில் பெயர்கள் இல்லாமை நமக்குக் கற்பிப்பது யாது?
2. இரேவதி அரசி சமவசரணத்திற்குச் செல்லாமையும், நோயுற்ற க்ஷுல்லகருக்குப் பணி செய்தமையும் எவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்தும்?
3. நாம் மதிக்கும் ஆசிரியரிடம் நாம் கடைசியாக எழுப்பிய ஐயம் எது? அதற்கு அவர் அளித்த விடை யாது?
4. உபகூகனம் எந்த இடத்தில் முடிந்து, இம்சைக்கு உடன்படுதல் எந்த இடத்தில் தொடங்குகிறது?

குடும்பத்தார் கூடியிருந்து இவ்வினாக்களை ஆராய வேண்டுகின்றோம். குணத்தை வணங்குவோம், குணம் உடையாரைப் போற்றுவோம், ஆராய்ந்து தெளிவோம்.

வாழ்க அருகநெறி!